லொடலொட சாஸ்திரம்

மனிதனுக்கு நோய் வந்தால் வாய் திறந்து சொல்லுகிறான். சில சமயம் நோய் வராதபோதுகூடச் சொல்லுகிறான். மாட்டுக்கு நோய் வந்தால் தீனி தின்னாமல் ஒதுங்கி நிற்கிறது. மோட்டார் வண்டி இந்த இரண்டு ஜாதியிலும் சேராதது. அது பேசத்தான் பேசும். ஆனால் அதற்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்றுதான். அது சத்தம். அந்தப் பாஷையின் இலக்கணம் தெரியாதவர்கள் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "ஏதோ கேட்கிறதே!" என்று கவலைப்படுகிறார்கள். தெரிந்தவர்களோ, "இன்ன இடத்தில் இன்ன வலி" என்று கண்டுகொள்கிறார்கள். இந்த வாரம் அந்த இலக்கணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமென்று உத்தேசம்.

இதற்குக் காரணம் நெமிலியிலிருந்து வந்திருக்கும் ஒரு கடிதம். நெமிலி நேயர் ஏழு வருஷமாக ஒரு சிறிய கார் வைத்திருக்கிறார். அரக்கோணத்துக்கும், பனப்பாக்கம், ஓச்சேரி வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் அதில் போய் வருகிறார். சில மாதங்களாக வண்டியின் முன்பக்கத்திலிருந்து "லொடலொட" என்று ஒரு சத்தம். ஆறு மாதத்துக்கு முன் பிரேக் பேட் மாற்றினாராம். பிரேக் நன்றாகவே பிடிக்கிறதாம். சத்தத்துக்காக ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பரை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் அதன் பக்கத்திலிருந்த இணைப்புத் தண்டுகளை மாற்றினார்கள். மூன்றாவது பட்டறையில் சைலன்ஸரை இறுக்கிக் கட்டினார்கள். பில் மூன்று வந்தது. சத்தம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

கடிதத்தின் கடைசியில் அவர் எழுதியிருப்பதாவது: "என் மனைவி ஒரு வேடிக்கை சொல்லுகிறாள். வேகத் தடை கிட்ட வரும்போது மட்டும் இந்தச் சத்தம் பயந்துகொண்டு அடங்கிவிடுகிறதாம். அது கிடக்கட்டும். அடுத்த மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குச் சென்னையிலிருந்து அழைத்து வர வேண்டும். இந்த வண்டியை நம்பி அவளை ஏற்றலாமா?"

கேள்வி சின்ன விஷயமல்ல. ஆகையால் பதிலையும் அவசரப்பட்டுச் சொல்வதற்கில்லை. முதலில் சாஸ்திரம், பிறகு சிகிச்சை.

சத்தத்துக்கு இரண்டு பேர்

எந்த லொடலொடவுக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் தளர்ந்தவன், மற்றவன் ஆட்டுகிறவன். தளர்ந்த நட்டு ஒன்று சும்மா கிடந்தால் சத்தம் போடாது. அதை யாராவது ஆட்ட வேண்டும். ஒரு காரில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் இருப்பதால், தளர்ந்தவன் யார் என்று நேராகத் தேடிப் போனால் வைக்கோற்போரில் ஊசி தேடிய கதைதான். ஆனால் ஆட்டுகிறவர்கள் சொற்பப் பேர்தான்: எஞ்சின், சக்கரம், சாலை, காற்று, கடைசியாக வண்டி ஓட்டுகிறவருடைய கையும் காலும். இந்த ஐவரில் யார் ஆட்டுகிறான் என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

யார் என்று எப்படித் தெரியும்? சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மேடையில் எத்தனை வாத்தியம் இருந்தாலும், இது யாருடைய தாளத்துக்குப் போகிறது என்று கேட்டால் விஷயம் வெளிப்பட்டுவிடும். வண்டியிலும் அப்படியே. சத்தம் எஞ்சினுடைய தாளத்துக்குப் போகிறதா, சக்கரத்தின் தாளத்துக்குப் போகிறதா, அல்லது தாளமே இல்லாமல் சாலையின் மேடு பள்ளத்துக்குப் போகிறதா? கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 1.9 மீட்டர் தூரம் போகும். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஓட்டமும் நடையுமாகப் போகிறவனுடைய வேகத்தில், சக்கரம் வினாடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. 36 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் ஐந்து. ஆகவே சக்கரத்தைச் சேர்ந்த சத்தத்தை மெதுவாகப் போனால் விரல் விட்டே எண்ணிவிடலாம். எஞ்சினோ நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது வினாடிக்கு 33 சுற்று ஆகிறது. அதை எண்ண யாராலும் முடியாது. அது ரீங்காரமாகவோ படபடப்பாகவோதான் காதில் விழும். "டிக், டிக்" என்று எண்ணக்கூடிய சத்தம் வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைந்தால், எஞ்சினைச் சந்தேகிக்கவே வேண்டாம். பாதிச் சமயங்களில் டயரின் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் மாட்டிக்கொண்டிருக்கும்.

தமிழின் உபகாரம்

இந்த வைத்தியத்தில் தமிழருக்கு ஒரு பிறவிச் சௌகரியம் இருக்கிறது. சத்தத்தைச் சொல்ல நம்மிடமிருக்கும் இரட்டைக்கிளவிகள் கொஞ்ச நஞ்சமல்ல. தொல்காப்பியர் இவற்றுக்கென்று ஒரு விதியே வகுத்து, இவை பிரிந்து நில்லா என்றார். மோட்டார் வண்டிக்கு இவ்வளவு உபயோகமாயிருக்குமென்று அவர் நினைத்திருக்க மாட்டார்!

"ஏதோ சத்தம்" என்று மெக்கானிக்கிடம் சொல்வது, "உடம்பு சரியில்லை" என்று வைத்தியரிடம் சொல்வதைப் போன்றது. லொடலொட என்றால், ஒன்று மற்றொன்றுக்குள் தளர்ந்து ஆடுகிறது. கடகட என்றால், கனமான இரும்பு இரும்போடு மோதுகிறது. சலசல என்றால், மெல்லிய தகடு அதிருகிறது. கிறீச் என்றால், மோதல் இல்லை, உராய்வு. நறநற என்றால், நடுவில் இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்துபோய் உலோகம் உலோகத்தை அரைக்கிறது. ஊளையிட்டால், உருளும் பேரிங் ஏதோ ஒன்று தன் வழவழப்பை இழந்துவிட்டது. சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சொன்னாலே வைத்தியம் பாதி முடிந்த மாதிரி.

வீட்டுச் சாமானை இறக்குங்கள்

பரீட்சை ஆரம்பிப்பதற்கு முன் வண்டியைக் காலி செய்ய வேண்டும். இதைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் டிக்கியில் ஜாக்கியும் ஸ்பானரும் கட்டவிழ்ந்து உருள்வதும், ஸ்டெப்னியின் திருகு தளர்ந்திருப்பதும், கதவுப் பையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று தண்ணீர்ப் பாட்டிலோடு சம்வாதம் செய்துகொண்டிருப்பதும், பின் ஸீட்டில் யாரும் கட்டாத பெல்ட்டின் கொக்கி கதவுத் தூணைத் தட்டிக்கொண்டிருப்பதும் எத்தனையோ பேருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. நம்பர் பலகையின் திருகுகளையும் கையால் ஆட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் செலவு ஒன்றுமில்லை.

அதோடு நாலு சக்கரங்களின் நட்டுகளையும் ஸ்பானர் போட்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மற்றப் பரீட்சைகளுக்கு நேரமில்லாவிட்டாலும் இதற்கு மட்டும் நேரம் இருந்தே ஆக வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

நிற்கும் வண்டியில் பரீட்சை

முதலில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, மெள்ள மெள்ள வேகத்தை உயர்த்துங்கள். நிற்கும் வண்டியிலேயே சத்தம் வந்தால் சாலையும் சக்கரமும் நிரபராதிகள் என்று விடுதலை செய்துவிடலாம்.

சில சமயம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் "சலசல" என்று கிளம்பி, அதற்கு மேலே போனால் அடங்கிவிடும். இது ஊஞ்சல் தத்துவம். ஊஞ்சலை அதன் போக்குக்குச் சரியாகத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயர உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் ஆடாது. ஒவ்வொரு தகட்டுக்கும் தண்டுக்கும் தனக்கென்று ஓர் ஆட்டவேகம் உண்டு. எஞ்சினின் வேகம் அதோடு பொருந்தும்போது மட்டும் அது ஆட்டம் போடும். சைலன்ஸர்க் குழாயின் மேல் சூட்டைத் தடுக்கப் போட்டிருக்கும் மெல்லிய தகடுதான் இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் கதாநாயகன். அதன் திருகு துருப்பிடித்து ஓட்டை பெரிதாகியிருக்கும். குழாய் ஆறிய பிறகு கையால் தட்டிப் பார்த்தால் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடும். சூடாயிருக்கும்போது தொட வேண்டாம்.

அடுத்தது கிளட்ச். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை மிதித்தால் சத்தம் மறைகிறதென்றால் கியர்ப் பெட்டிக்குள் சுழலும் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். அதற்கு மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறதென்றால், கிளட்சை விலக்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம். குளிர்சாதனத்தைப் போட்டும் நிறுத்தியும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அந்த யந்திரமோ அதை ஓட்டும் பெல்ட்டோ சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஓடும் வண்டியில் பரீட்சை

இதற்கு இரண்டு பேர் அவசியம். ஓட்டுகிறவர் ஓட்ட வேண்டும். கேட்கிறவர் கேட்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால், சத்தத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன் புளியமரத்தைக் கண்டுபிடித்துவிடுவார். காலை வேளையில், போக்குவரத்து இல்லாத சாலையில், ஜன்னல்களை இறக்கியும் ஏற்றியும் கேட்க வேண்டும். இடப்புறம் ஒரு நீண்ட மதிற்சுவர் இருந்தால் விசேஷம். சுவரில் மோதித் திரும்பும் சத்தம் அந்தப் பக்கத்துச் சக்கரங்களின் யோக்கியதையை நன்றாக எடுத்துக் காட்டும்.

மட்டமான சாலையில், ஒரே வேகத்தில், முதலில் மூன்றாவது கியரிலும் பிறகு நாலாவது கியரிலும் போய்ப் பாருங்கள். சக்கரத்தின் சுற்று மாறாது. எஞ்சினின் சுற்று மாறும். சத்தத்தின் தாளம் மாறினால் அது எஞ்சினின் கோஷ்டி. மாறாவிட்டால் சக்கரத்தின் கோஷ்டி. சிலர் ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துப் பார்க்கிறார்கள். அது மகா தவறு. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி பலம் போய்விடும். ஸ்டியரிங் பூட்டிக்கொண்டாலும் பூட்டிக்கொள்ளும்.

திருப்பங்களில் கேளுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின்மேல் சாயும். அப்போது ஊளை அதிகமானால் வலப்பக்கத்துப் பேரிங்கை முதலில் சந்தேகிக்க வேண்டும். முன்சக்கரங்களை எஞ்சின் ஓட்டும் வண்டிகளில், ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துத் திரும்பும்போது "டக்டக்" என்று கேட்டால், சக்கரத்துக்குப் போகும் அச்சின் வெளி மூட்டு தேய்ந்திருக்கிறது. அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே மணல் புகுந்திருக்கும்.

மேட்டில் ஏறும்போது, கியரை மாற்றாமல் அழுத்தினால் "கிண்கிண்" என்று கண்ணாடிக் குண்டுகளைக் குலுக்குவது போன்ற சத்தம் வருவதுண்டு. இது தளர்ச்சியே அல்ல. எஞ்சினுக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் வெடிப்பதன் சத்தம் அது. இதை அடக்குவதற்காக அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் 1921-இல் பெட்ரோலில் ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைக் கலந்து பார்த்தார். சத்தம் அடங்கிற்று, ஆனால் உலகத்தின் காற்றெல்லாம் ஈயமாயிற்று. நம் தேசத்தில் 2000 பிப்ரவரி முதல் தேதியோடு ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. ஒரு சத்தத்தைக் காரணம் தீர்க்காமல் மருந்தால் மட்டும் அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

சாலை சொல்லும் சாட்சி

மேடு பள்ளத்தில் மட்டும் வரும் சத்தம் எல்லாருக்கும் பழக்கமானது. ஏரிக்கரை ஓரமாகவும் நெல்வயல்களுக்கு நடுவிலும் போகும் நம் பக்கத்துச் சாலைகளில், அதற்கு வேண்டிய வசதிகளெல்லாம் குறைவின்றி இருக்கின்றன. இங்கே பட்டறைக்காரர்கள் உடனே ஷாக் அப்சார்பர்மேல் கை வைத்துவிடுகிறார்கள். அதற்கு முன் சாலையையே சாட்சியாகக் கூப்பிடலாம்.

சாலை நெடுகக் குறுக்கே போட்ட வேகத் தடையின்மேல் வண்டியை நேராக ஏற்றினால், இரண்டு முன்சக்கரங்களும் ஒரே சமயத்தில் எழும்பி ஒரே சமயத்தில் இறங்கும். ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால், ஒன்று தாழ மற்றது தாழாது. வண்டி ஒரு பக்கமாகச் சாயாமலிருப்பதற்காக இரண்டு பக்கத்தையும் இணைத்து ஒரு குறுக்குத் தண்டு இருக்கிறது. அந்தத் தண்டு முறுக்கிக்கொண்டு வேலை செய்வது இரண்டாவது சந்தர்ப்பத்தில்தான். ஆகவே வேகத் தடையில் மௌனமாயிருந்து, ஒற்றைப் பள்ளத்தில் மட்டும் லொடலொடத்தால், அந்தத் தண்டின் இணைப்புகளையும் ரப்பர்ப் புஷ்களையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் சத்தம் வந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் மூட்டு, கீழ்க் கைகளின் புஷ், பால் ஜாயிண்ட் என்று வரிசையாகப் போகலாம்.

நெமிலி வண்டியின் ரகசியம்

இனி நெமிலி நேயரின் வழக்குக்கு வருவோம். சத்தம் முன்பக்கத்திலிருந்து, மேடு பள்ளத்தில் மட்டும். ஷாக் அப்சார்பரும் இணைப்புத் தண்டும் புதிது. ஆயினும் சத்தம் போகவில்லை. இவ்வளவையும் விவரமாக எழுதியவர், எல்லாவற்றிலும் முக்கியமான சாட்சியத்தை "வேடிக்கை" என்று ஒதுக்கிவிட்டார். வேகத் தடை கிட்ட வரும்போது சத்தம் அடங்குகிறது என்று அவருடைய மனைவி கண்டு சொல்லியிருக்கிறாரே, அந்தச் சமயத்தில் வண்டி ஓட்டுகிறவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பிரேக்கில் கால் வைத்திருக்கிறார்!

முன்சக்கரத்தின் பிரேக் என்பது சுழலும் ஒரு வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் பேட்களால் கவ்விப் பிடிப்பது. அந்தப் பேட்கள் தம் இருப்பிடத்தில் ஆடாமலிருப்பதற்காகச் சிறு வில் கிளிப்புகள் உண்டு. பேட் மாற்றும்போது பழைய கிளிப்பை இறுக்கமில்லாமல் மாட்டினாலும், மாட்டவே மறந்தாலும், பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் கரடு முரடான சாலையில் பேட்கள் லொடலொடவென்று ஆடும். பிரேக்கை இலேசாக மிதித்ததும் அவை தகட்டைக் கவ்விக்கொள்வதால் வாய் மூடிவிடும். ஆறு மாதத்துக்கு முன் பேட் மாற்றியதாக அவரே எழுதியிருக்கிறார். காலிபர் நகரும் ஊசிகள் தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும்.

ஆகவே அவர் செய்ய வேண்டியது இது. அதே சாலையில், அதே வேகத்தில், பின்னால் வண்டி எதுவும் வராத சமயத்தில், பிரேக்கின்மேல் காலை மிக மெதுவாக, வண்டியின் வேகம் குறைந்தும் குறையாமலும் இருக்கும் அளவுக்கு மட்டும், வைத்துப் பார்க்க வேண்டும். பலமாக மிதித்தால் பரீட்சை கெட்டுவிடும். வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து வேறு தளர்ச்சிகளும் இறுகிக்கொள்ளும். இலேசாக மிதிக்கும்போதே அடங்கினால், ஏறக்குறைய தீர்ப்புச் சொல்லிவிடலாம். பட்டறையில் இரண்டு முன்சக்கரங்களையும் கழற்றச் செய்து, கிளிப்புகளையும் காலிபர் ஊசிகளையும் பார்க்கச் சொல்லட்டும். ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்ததில் மிகச் சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

பெண்ணை ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறார். கிளிப் மாட்டிய பிறகு தாராளமாக ஏற்றலாம். அதற்கு முன் வேண்டாம். சத்தம் சின்னதாயிருந்தாலும் அது வருமிடம் பிரேக். சென்னைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பிள்ளைத்தாச்சிப் பெண்ணை வைத்துக்கொண்டு, "கிளிப்தானே!" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது தகாது.

காது செய்யும் மோசம்

மூன்று பட்டறைகளையும் குறை கூறிப் பயனில்லை. சத்தம் மனிதனை ஏமாற்றுவது சகஜம். காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, இரும்பில் ஏறக்குறைய 5,000 மீட்டர் போகிறது. முன்சக்கரத்தில் பிறந்த சத்தம் இரும்புச் சட்டத்தின் வழியாக ஓடி, பின் ஸீட்டின் அடியில் வந்து எட்டிப் பார்க்கும். மேலும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நாம் அறிவது, அது இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்திலும் பலத்திலும் உள்ள சிறு வித்தியாசத்தைக் கொண்டுதான். இதை ராலே பிரபு என்ற ஆங்கில விஞ்ஞானி 1907-இல் விளக்கினார். அந்த நேர வித்தியாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த வண்டிக்குள் சத்தம் எதிரொலித்துப் பல பக்கமும் வரும்போது, காது பாவம் என்ன செய்யும்?

ஆகையால் தட்டிப் பார்ப்பதும் தொட்டுக் கேட்பதும் அவசியமாகின்றன. பிரான்ஸ் தேசத்து வைத்தியர் லாயென்னெக் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. நம் மெக்கானிக்குகள் நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பதும் அதே வித்தைதான். ஆனால் ஓடும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் பக்கத்தில் அங்கவஸ்திரமோ புடவைத் தலைப்போ போகக் கூடாது.

நெமிலிப் பக்கத்துக்கு இந்த வித்தை புதிதல்ல. தென்னிந்தியாவில் முதல் பிரயாணிகள் ரயில் 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. அந்த ரயில் பாதைகளில் வெகு காலம் சக்கரம் தட்டுகிறவர்கள் என்று ஒரு வகை உத்தியோகஸ்தர் இருந்தார்கள். நீண்ட காம்புள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே போவார்கள். முழுச் சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்ட சக்கரம் மழுங்கலாய் ஒலிக்கும். கடையில் பானையைத் தட்டி வாங்கும் நம் பாட்டிமாருக்கும் அவர்களுக்கும் சாஸ்திரம் ஒன்றே.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பிரதேசத்தின் தோலுக்கும் இதில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. ஆதிகால மோட்டார்களில் கிளட்சின் கூம்புக்கு மேலுறை தோல்தான். வில் பட்டைகள் கிறீச்சிடாமல் இருக்க எண்ணெய் ஊட்டிய தோலுறைகளைச் சுற்றி வைத்திருந்தார்கள். இன்றோ தோல் ஸீட்டே சத்தம் போடுகிறது என்று புகார் வருகிறது! வறண்ட தோல் மற்றொரு தோலோடு உரசினால் கிறீச்சிடத்தான் செய்யும். துடைத்து, தோலுக்குரிய தைலம் பூசினால் தீர்ந்தது.

உடனே நிற்க வேண்டிய சத்தங்கள்

எல்லாச் சத்தத்தையும் ஆற அமர ஆராய்ச்சி செய்ய முடியாது. நான்கு சத்தங்கள் கேட்டால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும்.

ஒன்று: சக்கரத்தின் தாளத்தில் "டக், டக்" என்று கேட்டு, ஸ்டியரிங்கும் நடுங்கினால், சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். சக்கரம் கழன்று ஓடுவதை வேடிக்கை பார்க்கும் பாக்கியம் ஒரு தடவைதான் கிடைக்கும். நட்டுகளை முதலிலேயே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு: பிரேக் போடும்போது "நறநற". மூன்று: எஞ்சினுக்குள்ளிருந்து ஆழ்ந்த "டொக்டொக்", அதோடு எண்ணெய் விளக்கும் எரிந்தால், எஞ்சினை உடனே அணைக்க வேண்டும், ஒரு மைல் ஓட்டினாலும் எஞ்சினுக்கு முடிவுகாலந்தான். நான்கு: ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தின் அருகில் "கடக்" என்று ஒரு கனத்த சத்தம், வண்டியும் தன் போக்கில் இழுத்தால், அது பால் ஜாயிண்டாக இருக்கலாம். அது விட்டுப்போனால் சக்கரம் மடிந்துவிடும்.

பட்டறைக்குப் போகும் முறை

பட்டறையில் போய், "ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள்" என்று சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். கேட்டதைச் செய்ததில் அவர்களுடைய குற்றம் என்ன? "இன்ன சத்தம், இன்ன இடத்தில், இன்ன வேகத்தில், இன்னது செய்தால் அடங்குகிறது" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். மெக்கானிக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு சத்தம் வரும் அதே சாலைக்கு அழைத்துப் போங்கள். சிமெண்டுத் தரை போட்ட பட்டறைக்குள் எந்த வண்டியும் பரம சாதுவாகத்தான் இருக்கும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு உறுப்பை மாற்றி ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கி, கையால் ஆட்டிப் பாருங்கள். அது ஆடாவிட்டால், தளர்ந்தவன் இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறான்.

இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம். கவனம் இருந்தால் போதும். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு காலேஜ் வாசலை மிதித்தவரல்ல. ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டித்தான் யந்திர வித்தை கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் ஆரம்பித்தார். யந்திரம் தன்னிடம் என்ன சொல்லுகிறது என்று கேட்கத் தெரிந்தவனுக்கு அது அடிமை. தெரியாதவன் அதற்கு அடிமை.

இப்பொழுது நெமிலி தாலுகாவுக்கே மோட்டார் யோகம் வந்திருக்கிறது. 2024 செப்டம்பர் 28-ந் தேதி பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கம்பெனியின் கார்த் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 9,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். கார் செய்யும் பெரிய தொழிற்சாலைகளில் வண்டியை மேடையில் நிறுத்திக் குலுக்கி, எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே லொடலொடக்கிறது என்று கேட்பதற்கென்றே நிபுணர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். மின்சார வண்டிகள் வந்த பிறகு அவர்களுக்கு வேலை ஜாஸ்தி. எஞ்சினுடைய இரைச்சல் போய்விட்டதால், முன்பு அதன் நிழலில் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்களெல்லாம் வெளியே வந்துவிட்டன.

அந்த உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பவர்கள் வெகு தூரம் தேட வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். வேகத் தடை கிட்ட வரும்போது சத்தம் அடங்குகிறது என்று கண்டுபிடித்த ஓர் அம்மாள் பக்கத்திலேயே இருக்கிறார். சம்பள விஷயத்தை மட்டும் அவருடைய கணவரிடம் கேட்காமல் அவரிடமே நேரில் பேசிக்கொள்வது உத்தமம்.